தாஜ் ஓட்டலும் பரோடா சத்திரமும்

பம்பாய் அப்போலோ பந்தரில் கடலைப் பார்த்து நிற்கிறதே தாஜ்மகால் ஓட்டல், அதற்கு ஒரு கதை சொல்வார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜாம்செட்ஜி டாட்டா ஒருநாள் வாட்சன் ஓட்டலுக்குப் போனாராம். வெள்ளையருக்கு மட்டும்தான் இடம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். ரோசம் பொத்துக்கொண்டு வர, வாட்சனைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு மாளிகையைக் கட்டினாராம். 'இந்தியனின் சுயமரியாதைச் சின்னம்' என்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்க வேலையாகப் பம்பாய் போனபோது தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் கேட்வே முன்னால் நிறுத்தி அவரும் இந்தக் கதையைத்தான் சொன்னார். "வெள்ளக்காரன் உள்ள விடலன்னு ரோசப்பட்டுக் கட்டுனதாம்யா இது."

"நம்மள உள்ள விடாத டீக்கடைக்கெல்லாம் நாம ரோசப்பட்டு ஒண்ணு கட்டியிருந்தா, நம்ம ஊருல எத்தன தாஜ் நிக்கணும் சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "காசு இருக்கவன் ரோசம் கட்டடமா நிக்கும். நம்ம ரோசம் வயித்துக்குள்ளயே கெடக்கும்" என்றார்.

தோழர்களே, சித்தப்பா சொன்ன அந்த ஒரு பேச்சுக்கு விளக்கம் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கதையைப் பார்ப்போம். தாஜ் திறக்கப்பட்டது 1903 டிசம்பர் 16இல். எதிரே நிற்கும் கேட்வே 1924இல்தான் முடிந்தது. அதாவது, ராஜாவை வரவேற்கக் கட்டிய வளைவுக்கும் மூத்தது இந்த ஓட்டல். மின்விளக்கு, அமெரிக்க மின்விசிறி, ஜெர்மன் லிப்ட், துருக்கிக் குளியல் என்று அன்றைக்கு உலகத்தில் இருந்த வசதி எல்லாம் உள்ளே வந்தது. வாட்சன் வாசலில் நடந்ததாகச் சொல்லப்படும் அவமானத்துக்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் வேறு காரணம் காட்டுகிறார்கள். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். நகரத்தின் மேல் வியாபாரிகளுக்கு மறுபடி நம்பிக்கை வர வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மாளிகை தேவைப்பட்டது.

அதே பிளேக் இன்னொன்றையும் பெற்றுப்போட்டது. 1898இல் 'பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட்' அமைத்தார்கள். நோய் பரப்புகிறது என்று சொல்லி ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள். பிறகு தொழிலாளர்களுக்கென்று சால் என்னும் வரிசை வீடுகள் கட்டினார்கள். பரேலில் அப்படிக் கட்டிய ஒரு சாலில், ஒண்டுக் குடித்தன அறைகளில்தான், அம்பேத்கர் என்ற மாணவர் குடியிருந்தார். பாரிஸ்டராகி, மகாத் குளத்தில் இறங்கி, வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்த பிறகும் அங்கேதான் இருந்தார். ஒரே நோய்தான். ஒருவருக்கு மாளிகை கட்டக் காரணமானது, மற்றவருக்குச் சால் கட்டக் காரணமானது. வரலாறு மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டது.

சரி, வாட்சன் கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நிறத்தைக் காட்டி ஒரு மனிதனை வாசலில் நிறுத்துவது அயோக்கியத்தனம். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. நான் கேட்பது வேறு. அந்த ரோசம் எதை மாற்றியது? கதவுக்குச் சொந்தக்காரன் மாறினான். கதவு மாறியதா?

இதற்குப் பதில் பரோடாவில் இருக்கிறது. தாஜ் திறந்து 14 வருடம் கழிந்திருந்தது. 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா மன்னரிடம் வேலைக்குச் சேரப் போகிறார். படிக்கவைத்த மன்னருக்குச் செய்யவேண்டிய கடமை. இந்து ஓட்டலில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு பார்சி சத்திரத்துக்குப் போகிறார். கோட்டைக் கழற்றியபோது உள்ளே பார்சிகள் அணியும் புனிதச் சட்டையும் கயிறும் இல்லாததைக் காவலாளி கண்டுபிடித்துவிடுகிறான். கடைசியில் ஒரு பேரம் படிகிறது. பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதவேண்டும், நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுக்கவேண்டும். பழைய சாமான் அடைத்த இருட்டுக் கூடத்தின் ஓரத்தில், சின்ன அறையில், பொய்ப் பெயரோடு தனியாக இருந்தார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். சத்திரம் தீட்டுப்பட்டுவிட்டதாம். சாயங்காலத்துக்குள் வெளியேறு என்றார்கள். ஒரு இந்து நண்பர் கைவிரித்தார். ஒரு கிறித்துவ நண்பர் மழுப்பினார். பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய்க்கே திரும்பினார். பல வருடம் கழித்து இதை எழுதும்போதும் கண்ணீர் வராமல் நினைக்க முடியவில்லை என்கிறார்.

தடியோடு வந்தவர்கள் டாட்டாவின் ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றவும் இல்லை. ஆனால் கவனியுங்கள். வெள்ளையன் வாசலில் அவமானப்பட்டதாகக் கதை சொல்கிற சமூகத்தின் சத்திரத்திலேயே அம்பேத்கருக்கு இடமில்லை. இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவன்தான் என்று அங்கேதான் அவர் தெரிந்துகொண்டார். தனக்கு மேலே இருப்பவனிடம் கேட்கும் மரியாதையைக் கீழே இருப்பவனுக்குக் கொடுக்காத ரோசம், சுயமரியாதை ஆகாது. அது அந்தஸ்துக் கோபம். நம்முடைய தேசியமே இந்த அந்தஸ்துக் கோபத்தைத்தான் விடுதலை உணர்வு என்று நமக்கு விற்றது.

'இப்ப யார் சார் சாதி பாக்குறா? ஸ்டார் ஓட்டல்ல காசு இருந்தா போதும்' என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். படி, உத்தியோகம் பார், கையில் காசு வரட்டும், சாதி தானாகப் போய்விடும் என்கிறார்கள். பரோடாவில் நின்றவரிடம் இதில் எது இல்லை? படிப்பு இருந்தது, உத்தியோகம் இருந்தது, ஒன்றரை ரூபாயும் இருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாற்றலாகிப் போன ஊரில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்காரர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர். கவுண்டரில் நான் எண்ணிக் கொடுத்த நோட்டை வாங்கி, எச்சில் தொட்டு மறுபடி எண்ணிப் பையில் போட்டுக்கொள்பவர். 'தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?' என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அட்வான்ஸ் திரும்பி வந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குடிவருகிறார்களாம். கூட வேலை பார்ப்பவர் அக்கறையாகச் சொன்னார்: "வேற எதாவது பேரச் சொல்லிட்டு உள்ள போயிருக்கலாமே சார்." பரோடாச் சத்திரத்தில் கைகொடுத்த யோசனை. நூறு வருடம் கழித்தும் அதே யோசனைதான் நமக்குக் கிடைக்கிறது. அடுத்த வீட்டில் அந்தக் கேள்வி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. வீடு கிடைத்தது. கவிதையில் பெரிதாய்ப் பேசுகிற நான் அன்றைக்கு மௌனத்தைப் பொய்ப் பெயராகப் போட்டுக்கொண்டேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது நம் மாணவர்களிடையே இன்னொரு குரல் கேட்கிறது. நாமும் முதலாளி ஆவோம், நாமும் ஒரு தாஜ் கட்டுவோம். நம்மவர் தொழில் தொடங்குவதை நான் எதிர்க்கவில்லை. கடன் கேட்டு வங்கிக்கு வரும் நம் பையன்கள் அலைக்கழிக்கப்படுவதைத் தினம் பார்க்கிறவன் நான். ஆனால் தாஜ் கட்டுவதுதான் விடுதலை என்றால், சேரியில் கோடிப் பேருக்கு அந்த மாளிகையில் என்ன இடம்? கக்கூஸ் கழுவும் இடமா? அதை ஏற்கெனவே கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அம்பேத்கர் ஓட்டல் கட்டவில்லை. 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். பம்பாய் கோட்டைப் பகுதியில், தாஜிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. அதைப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்து நிற்பதில்லை. பிறகு அவர் தலைமையிலான வரைவுக்குழு அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் எழுதியது: கடை, உணவு விடுதி, ஓட்டல் எதிலும் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக்கூடாது. டாட்டா தனக்கு ஒரு கதவு செய்துகொண்டார். அம்பேத்கர் எல்லாக் கதவிலும் கை வைத்தார். பரோடாப் பூங்காவில் உட்கார்ந்திருந்தவனின் ரோசம் அப்படித்தான் சட்டமானது.

அந்தச் சட்டம் ஏற்கப்பட்ட நாள் 1949 நவம்பர் 26. அதே நவம்பர் 26இல், 2008ஆம் வருடம், தாஜில் குண்டு வெடித்தது. அங்கே 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அன்று ராத்திரி சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் செத்தவர்கள் 50க்கும் மேல். ரயிலுக்குக் காத்திருந்த சாதாரண ஜனங்கள். எல்லா உயிரும் உயிர்தான். ஆனால் மூன்று நாளாக உலகம் பார்த்தது எரிகிற குவிமாடத்தை. இன்றைக்கும் நவம்பர் 26 என்றால் எந்தப் படம் மனசில் வருகிறது? மாளிகையா, ரயில் நிலையமா, அரசியல் சட்டமா?

சித்தப்பா, நம்ம ரோசம் வயிற்றுக்குள்ளேயே கிடக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் தொங்கும்வரை, வீட்டுக்காரன் 'ஊருக்குள்ளயா, வெளியவா' என்று கேட்கும்வரை, அது புத்தகத்திலேயே கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாசல் போய் நிற்கவேண்டியது நாம்தான். அடுத்த தடவை கேட்டால், நானும் வாயைத் திறந்து பதில் சொல்வேன். பொய்ப் பெயர் இனி வேண்டாம்.