பெயர் சிதைவதில்லை

வாஷியில் தமிழன்பர் கூடும் இடங்களில் ஓர் ஏளனம் அடிக்கடி எழக் கேட்கின்றோம். லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் சிதைப்பதே தமிழின் தொழிலாம். பெயரை உள்ளவாறு ஒலிக்க வலியற்ற மொழியாம். இங்ஙனம் கூறுவோர் அயலார் அல்லர், நம்மவரே. தம் மக்களுக்குத் தமிழெழுத்துக் கற்பியாமைக்கும் இதனையே காரணம் காட்டுகின்றனர். ஆதலின் வாளாவிருத்தல் தகாது.

உலகு போற்றும் மறைநூல் ஒன்றையே சான்றாக்குவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர், யெஹோஷுவா என்னும் பெயரை 'இயேசூஸ்' என்றனர். கிரேக்கத்தில் ஷகர ஒலி இல்லை. ஆண்பாற்பெயரோ சகர ஈறு வேண்டிற்று. மோசேக்குப் பின்வந்த யோசுவாவுக்கும் இயேசு பெருமானுக்கும் கிரேக்க மறையில் பெயர் ஒன்றே. மறைநூலுக்கு இழுக்கு நேர்ந்ததோ?

இன்னும் ஒரு நுட்பம் காண்க. குலமுதல்வன் பெயர் ஈறின்றி 'யாக்கோப்' என நிற்க, இயேசுவின் சீடர் பெயர் 'யாக்கோபோஸ்' எனக் கிரேக்க ஈறு பெற்றது. விண்ணிலிருந்து வந்த குரல் 'சவூல்' என விளிக்க, நூலாசிரியர் தம் கூற்றில் 'சவுலோஸ்' என்கின்றார். எல்லாப் பெயரும் இவ்வாறு மாறவில்லை. ஆயினும் மாறியவை இழிந்தன அல்ல. அம்மொழியில் குடிபுகுந்தன என்பதே எம் துணிபு.

தமிழர் செய்ததும் இதுவே. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வடசொல்லை ஆளத் தொல்காப்பியர் நெறி வகுத்தார். கம்பர் அந்நெறி நின்றார். இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவரோ ஒருபடி மேற்சென்று, தேம்பாவணியில் யோசேப்பை 'வளன்' எனப் பொருளாலேயே தமிழாக்கினார். அயல்நாட்டு முனிவர்க்கு இனித்த நெறி நமக்குக் கசப்பதேன்?

அலுவலகக் கோப்புகளில் பெயர்களை ஒப்புநோக்கிப் பிழைப்பவர் யாம். ஆவணத்தில் ஓரெழுத்தும் பிறழலாகாது என்பதை அறிவோம். ஆனால் ஆவணம் வேறு, இலக்கியம் வேறு. ஒருவன் பெயரைத் தன் ஒலியால் ஏற்கும் மொழி அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக்குகின்றது.

வாஷி வாழ் பெற்றோரே! நும் மக்கள் பெயரைத் தமிழில் எழுத ஒரு வழி உண்டு. அதனை அவர்தம் கைகளுக்குக் கற்பியுங்கள். தமிழில் எழுதப்படுவதால் எப்பெயரும் சிதையாது. எழுதப்படாமையால் தமிழே நம் இல்லத்தினின்று அகலும்.