பங்காளி என்றால் கணக்கைக் காட்டு!

பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு ஒரு விவசாயி பத்து மூட்டை கத்திரிக்காய் கொண்டு வருகிறார். அடிமாட்டு விலைக்கே போகட்டும். கமிஷன் கடைக்காரர் கையில் ஒரு சிட்டை கொடுத்துவிடுவார். எடை இவ்வளவு, விலை இவ்வளவு, கமிஷன் இவ்வளவு, இறக்குகூலி இவ்வளவு, மிச்சம் உனக்கு. வயிறு எரிந்தாலும் கணக்கு தெரிந்து எரியும்!

அதே பரவையிலிருந்து பி.இ. முடித்துவிட்டு, பெங்களூரு ஸ்டார்ட்-அப் கம்பெனியில் போய்ச் சேருகிற பையனுக்கு அந்தச் சிட்டைகூடக் கிடையாது. என் ஆத்திரமெல்லாம் அதுதான்.

சம்பளம் ஏன் கம்மி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. பெரிய கம்பெனி என்றாலே கொட்டிக் கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டி.சி.எஸ்-ஸில் புதிதாகச் சேரும் சாதாரண இன்ஜினீயருக்கு வருஷத்துக்கு 3.36 லட்சம் என்ற கணக்கு, பத்து வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக நகரவே இல்லை. அதைவிட அதிகம் கொடுக்கும் ஸ்டார்ட்-அப்கள் உண்டு. நான் சொல்வது கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் வகையறா. கூகுளில் ஒருவர் விளம்பரப் பகுதியில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தால், கோடிக்கணக்கான பேர் தேடும்போதெல்லாம் அது காசாகிறது. ஓடுகிற மில்லில் வேலை. ஸ்டார்ட்-அப்பிலோ மில்லே இன்னும் கட்டவில்லை. முதலீட்டாளர் கொடுத்த பணம் ஒன்றரை வருஷமோ, இரண்டு வருஷமோ தாங்கவேண்டும். அதில் கூகுள் சம்பளம் கொடுத்தால் ஆறே மாசத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். பி.காம். படித்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

அடுத்து ஒன்று சொல்கிறார்கள் பாருங்கள்... 'சம்பளம் கம்மிதான் தம்பி, ஆனா கம்பெனியில பங்கு தர்றோம். நாம எல்லாரும் ஒரே குடும்பம்!'

'ஈசாப்' என்று செல்லமாகச் சொல்கிற ஊழியர் பங்குத் திட்டம் இது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பெரிய கம்பெனியில் 18 லட்சம் கிடைக்க வேண்டிய பையன், இங்கே 10 லட்சத்துக்குச் சேருகிறான். நாலு வருஷத்தில் விட்டுக்கொடுத்தது 32 லட்சம். ஆக, அவன் வெறும் ஊழியன் இல்லை சார், 32 லட்சம் போட்ட முதலாளி! பதிலுக்கு 0.1 சதவிகிதப் பங்கு. கம்பெனி ஒருநாள் 90 கோடிக்கு விலைபோகிறது. 'நமக்கு 9 லட்சம்' என்று மனக்கணக்குப் போடுகிறான். ஆனால், 80 கோடி போட்ட முதலீட்டாளர், 'என் பணம் முழுசா வந்த பிறகுதான் மத்தவங்களுக்கு' என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறார். மிச்சமுள்ள 10 கோடியைத்தான் நிறுவனரும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். இவன் கைக்கு இரண்டு, மூன்று லட்சம் வந்தால் பெரிசு! இப்படி ஒரு ஷரத்து இருப்பதை வேலைக்குச் சேரும்போது அவனிடம் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

உடனே ஃப்ரெஷ்வொர்க்ஸைக் காட்டுவார்கள். நிஜமாகவே பெருமைப்பட வேண்டிய கதைதான். 2010-ல் சென்னையில் ஆரம்பித்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. அன்றைக்கு 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். கைதட்டுவோம். ஆனால், அதற்கு 11 வருஷம் ஆனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் நாள் 47 டாலரைத் தாண்டிய பங்கு, 2022 கடைசியில் 20 டாலருக்கும் கீழே கிடந்ததையும் சொல்லுங்கள். பைஜூஸ் கதையையும் விட்டுவிடாதீர்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. அங்கே பங்கை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சம்பளத்துக்கே தாளம்!

'நானும்தான் கம்மிச் சம்பளம் வாங்குறேன்' என்பார் நிறுவனர். உண்மைதான். ஆனால் ஐயா, உங்கள் கையில் இருப்பது 30 சதவிகிதம், அந்தப் பையனிடம் இருப்பது 0.1. ஜெயித்தால் அவனைப்போல 300 மடங்கு உங்களுக்கு. தோற்றால் இருவருக்கும் பூஜ்யம். இதில் குடும்பம் எங்கே வந்தது?

வேலையை விடும்போது கூத்து இன்னும் பெரிசு. பல கம்பெனிகளில் 90 நாள்தான் கெடு. அதற்குள் பணம் கட்டிப் பங்கை வாங்கவேண்டும், இல்லாவிட்டால் போச்சு. வாங்கினால், வாங்கின விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாக நினைத்து வருமான வரி போடுவார்கள். விற்க முடியாத காகிதத்துக்கு வரி! 2020 பட்ஜெட்டில் இந்த வரியைத் தள்ளிக் கட்டலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அதுவும் அரசின் தனிச் சான்றிதழ் வாங்கிய ஸ்டார்ட்-அப்களுக்கு மட்டும். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்தது.

2014 கம்பெனி விதிகளின்படி, ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தின் விவரங்களை விளக்கிச் சொல்லித்தான் பங்குதாரர்களிடம் ஒப்புதல் வாங்கவேண்டும். பழைய பங்காளிக்கு விளக்கம் உண்டு. புதுப் பங்காளிக்கு மட்டும் 'வாழ்த்துகள்' என்று ஒரு மெயில்!

கேளுங்கள் தம்பி. எனக்கு 5,000 பங்கு என்றால், மொத்தம் எத்தனை பங்கு? கடைசியாக என்ன விலைக்கு விற்றீர்கள்? எனக்கு முன்னால் எத்தனை கோடிக்கு ஆள் நிற்கிறார்கள்? நான் வேலையை விட்டால் எத்தனை நாள் டைம்? ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுக்க மறுத்தால் அந்தப் பங்குக்கு பூஜ்யம் என்று மதிப்புப் போட்டுவிட்டு, வெறும் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று முகம் சுருங்குவார்கள். 80 கோடி போட்டவர் வக்கீலை வைத்து வரிக்கு வரி ஒப்பந்தம் எழுதினபோது, அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே!