நடுவர் இருக்கையும் அதில் அமர்பவரும்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழமொழி. 'பிக் பாஸ்' நிகழ்ச்சி ஓடும் மாதங்களில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு மன்றமும் கூடிவிடுகிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டங்களின் லயங்களாயினும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வீடுகளாயினும் வழக்கு ஒன்றே: கமல்ஹாசன் நின்ற இடத்தில் விஜய் சேதுபதி நிற்கலாமா? தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. நடுவே தாயார் சோற்றை ஆறவிட்டுக் காத்திருக்கிறார்.

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூன் 25ஆம் நாள் தொடங்கிய இவ்விளையாட்டை, முதல் 7 சுற்றுகளிலும் கமல்ஹாசனே நடத்தினார். 2021 நவம்பரில் அவர் கொரோனாவால் மருத்துவமனையில் இருந்தபோது ரம்யா கிருஷ்ணன் அவ்விடத்தை நிரப்பினார். 2024 ஆகஸ்டு 6ஆம் நாள், திரைப்படப் பணிகளின் பொருட்டு விலகி நிற்பதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் 8ஆம் சுற்று விஜய் சேதுபதியுடன் தொடங்கிற்று. 2025இல் வந்த 9ஆம் சுற்றும் அவர் கையிலேயே இருந்தது. அவர் தொலைக்காட்சிக்குப் புதியவரல்லர். 2019இல் 'நம்ம ஊரு ஹீரோ', 2021இல் 'மாஸ்டர் செஃப் தமிழ்' ஆகியவற்றை நடத்தியவர். நடிக்க வருமுன் துபாயில் கணக்கராய் வேலை பார்த்தவர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற அனுபவம் நம்மைப் போலவே அவருக்கும் உண்டு.

பழையவரை விரும்புவோர் கூறுவன: அவர் பேச்சில் இலக்கியம் மணந்தது; வாரந்தோறும் ஒரு நூலை எடுத்துப் படிக்கச் சொன்னார்; கண்டிக்கும்போதும் ஒரு நயம் இருந்தது. புதியவரை விரும்புவோர் கூறுவன: இவர் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கிறார், நம் வீட்டில் பேசும் தமிழைப் பேசுகிறார். எதிர்ப்பக்கத்திலும் குறைகளுண்டு. பழையவர் 2018இல் கட்சி தொடங்கிய பின் விளையாட்டு மேடையில் அரசியல் பேசினார் என்பது ஒன்று. புதியவர் போட்டியாளர் பேசி முடிக்குமுன் இடைமறிக்கிறார் என்பது மற்றொன்று.

இவ்வழக்கில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று கருதுகிறோம். விளையாட்டை நடத்துபவர் யார்? அவர் நாயகரல்லர், நடுவர். 'நடுவுநிலைமை' என்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். இரு பக்கமும் கேட்டு, ஒரு பக்கமும் சாயாமல் சொல்வதே நடுவரின் தொழில். அழகிய தமிழும் எளிய தமிழும் அதற்குப் பின் வரும் அணிகலன்களே.

அந்த அளவுகோலை எடுத்தால் இருவருமே சோதனைக்குட்பட்டவர்கள் என்பது விளங்கும். 2023 நவம்பரில், 7ஆம் சுற்றில், சக போட்டியாளர் சிலரின் புகாரின்மேல் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். பெண்கள் தமக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்னதை மதித்தது முறையே என்றனர் ஒரு சாரார். குற்றம் சாட்டப்பட்டவர் தம் விளக்கத்தை முழுமையாகச் சொல்ல இடமளிக்கவில்லை என்றனர் மறு சாரார். அன்று கமல்ஹாசனை நோக்கி எழுந்த கேள்வியும், பின்னர் விஜய் சேதுபதியை நோக்கி எழுந்த கேள்வியும் ஒன்றே: பேச வந்தவனைப் பேசவிட்டாரா? ஆள் மாறியும் வழக்கு மாறவில்லை.

வெளியுலகிலும் இதுவே கதை. 2000இல் இந்தியில் தொடங்கிய 'கோன் பனேகா குரோர்பதி'யை 2007இல் ஒரு சுற்று மட்டும் ஷாருக் கான் நடத்தினார். அமிதாப் பச்சனோடு ஒப்பிட்டே மக்கள் அவரைக் கண்டனர். 2010இல் பச்சனே திரும்பி வந்தார். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினாவை 1984 முதல் நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் 2020 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு ஆகஸ்டில், அந்நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸையே அவ்விடத்துக்குத் தேர்ந்தனர். பெண்களை இழித்து அவர் முன்பு பேசியவை வெளிவரவே, சில நாளிலேயே விலக நேர்ந்தது. இறுதியில் இருக்கை கென் ஜென்னிங்ஸிடம் வந்தது. அவர் 2004இல் அதே மேடையில் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்றவர். எதிரே நின்று ஆடியவரின் நெஞ்சை அறிந்தவர்.

மலையாள 'பிக் பாஸ்' நிகழ்ச்சியை 2018 முதல் 2025ஆம் ஆண்டின் 7ஆம் சுற்று வரை மோகன்லால் ஒருவரே நடத்தினார். ஆதலின் அண்டை வீட்டாருக்கு இச்சண்டை இல்லை, நமக்கு உண்டு. நமக்கு இது வெறும் பொழுதுபோக்குமன்று. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமே பயில்கின்றனர். வீட்டாரின் பேச்சுக்கு அப்பால் அவர்கள் செவியில் விழும் தமிழ் பெரும்பாலும் தொலைக்காட்சித் தமிழே. கருத்து வேறுபடுவது எப்படி, எதிராளியைக் கேட்பது எப்படி, தீர்ப்புச் சொல்வது எப்படி என்பதையும் அத்தமிழோடு சேர்த்தே கற்கின்றனர். திரையில் இடைமறிப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் தந்தை, கூடத்தில் மகனைப் பேசவிடாமல் அதட்டினால், பிள்ளை எதைக் கற்கும்?

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சுற்று வரும்போது வழக்காடுங்கள், தடையில்லை. ஆனால் 'என் நடிகர், உன் நடிகர்' என்று பிரியாமல், 'இன்று யாருடைய பேச்சு முழுமையாகக் கேட்கப்பட்டது?' என்று வினவுங்கள். பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் முடிக்கும் வரை பொறுத்திருங்கள். நம் சங்கத்திலும் தலைவரும் செயலாளரும் மாறுவர். போனவரை நன்றியோடு அனுப்பி, வந்தவரை அவர் செய்யும் வேலையைக் கொண்டே எடைபோடும் பழக்கம் வீட்டுக் கூடத்தில் தொடங்கட்டும்.