காமாவுக்குச் சதுக்கம், காப்பிரிக்குச் சுவரோரம்

கொச்சிக் கோட்டைக் கடற்கரையில், சீன வலைகளுக்கு அருகே, வாஸ்கோ ட காமாவின் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது. பயணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1502 ஆம் ஆண்டில் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கப்பலோடு எரித்துக் கொன்ற அதே காமாதான். 1524 டிசம்பரில் மாண்டது இந்தக் கொச்சியில்தான். எலும்புகளைப் பின்னர் போர்த்துகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். பெயரை மட்டும் நாம் விடாமல் வைத்திருக்கிறோம்.

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் மட்டாஞ்சேரி. அண்மையில் அங்கு சென்றபோது, துறைமுகத்தில் சுமை தூக்கி மூப்படைந்த தோழர் ஒருவர் என்னை மங்காட்டுமுக்கிற்கு அழைத்துச் சென்றார். ஒரு சுவரோரம் சிறு மேடை. மெழுகுவத்தி உருகிய தடம். "இதுதான் காப்பிரி முத்தப்பன்" என்றார். போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளே காப்பிரிகள். 1663 இல் டச்சுக்காரர்களிடம் கொச்சி வீழ்ந்தபோது, தப்பியோடிய எசமானர்கள் தம் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது இவ்வூர் மக்களின் வாய்மொழி மரபு. அந்த அடிமைக்குத்தான் மக்கள் இன்றும் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். பெயர் தெரியாத ஒருவனை ஏழை மக்கள் 'முத்தப்பன்' என்று உறவு சொல்லி அழைக்கிறார்கள். என் கைக்கு வந்த சுற்றுலாக் கையேட்டில் காமாவுக்கு ஒரு பக்கம். காப்பிரிக்கு ஒரு வரியும் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதில் கவனம் அதிகம். 'அடிமை முறை ஒழிக்கப்பட்டது' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஒழித்தவர் யார்? 1843 இல் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும், 1854 இல் கொச்சியிலும், 1855 இல் திருவிதாங்கூரிலும் ஆணைகள் பிறந்தது உண்மையே. ஆனால் ஆணை பிறந்த கொச்சியில் 1913 ஆம் ஆண்டில் என்ன நடந்தது? புலையர்கள் தமக்கென ஒரு சபை அமைக்கக் கூட விரும்பினார்கள். கூடுவதற்கு நிலத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே பண்டிட் கருப்பன், கிருஷ்ணாதி ஆசான் போன்றோரின் முன்முயற்சியில் காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, நீரின்மேல் மாநாடு நடத்தினார்கள். சட்டம் விடுதலை அளித்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கால் ஊன்ற ஒரு சாண் மண் இல்லாத விடுதலை! எழுவாயாக இருக்க வேண்டியவர்கள் அந்தப் படகுகளில் நின்றவர்களே அன்றி, ஆணையில் கையொப்பமிட்டவர்கள் அல்லர்.

அடிமை முறை தன் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு துறைமுகத்தில் நின்றது. கப்பல் வந்ததும் தொழிலாளர்கள் திரள்வார்கள். கங்காணி 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தினிடையே வீசியெறிவான். அடித்துப் பிடித்து, மண்ணில் புரண்டு அதைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை, மற்றவனுக்குப் பட்டினி. தொழிலாளியின் பசியைத் தொழிலாளிக்கு எதிராகவே ஏவிவிடும் ஏற்பாடு இது. துறைமுகத் தொழிலாளர் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948 இலேயே நிறைவேறியிருந்தது. ஆயினும் சுதந்திர இந்தியாவின் ஆறாம் ஆண்டிலும் மட்டாஞ்சேரியில் சாப்பா பறந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு எதிராகத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று திருவிதாங்கூர்-கொச்சி காங்கிரஸ் ஆட்சியின் காவல்துறை அவர்களைச் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டனி ஆகிய தோழர்கள் அப்போராட்டத்தில் உயிர் ஈந்தார்கள். இன்று அங்கே சாப்பா இல்லை. அது எந்த அமைச்சரின் கருணையும் அல்ல.

இது மலையாளிகளின் கதை என்று தமிழ் வாசகர் ஒதுங்கிவிட இயலாது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பஞ்சத்தில் வாடிய தமிழர்களை விலைக்கு வாங்கிக் கடல்கடந்து ஏற்றியவர்களும் இதே டச்சு வணிகர்கள்தாம். தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் 1940கள் வரை நடந்தன. அவற்றை நிறுத்தியது நீதிமன்றமா? பி.சீனிவாசராவ் போன்ற தலைவர்களின் வழிகாட்டுதலில் செங்கொடியின்கீழ் நிமிர்ந்து நின்ற பண்ணையாட்கள் அல்லவா? 1952 ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் போராட்டத்தின் பின்னால் வந்ததே.

இவையெல்லாம் பழங்கதை என்போர் இன்றைய நகரத் தெருக்களைப் பார்க்கட்டும். உணவு கொண்டு செல்லும் இளைஞன் கைப்பேசித் திரையையே பார்த்தபடி தெருமுனையில் காத்திருக்கிறான். ஒரு மணியோசை, முந்தித் தொட்டவனுக்கு வேலை. வீசும் கை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர, சாப்பாவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய ஒன்றிய அரசு, 300 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலைகளில் அரசின் அனுமதியின்றியே ஆட்குறைப்புச் செய்யலாம் என்று முதலாளிகளுக்கு வழிவிட்டிருக்கிறது. முன்பு அந்த வரம்பு 100. போராடிப் பெற்றதைப் பறிப்பதற்கு முன், அது போராடிப் பெற்றது என்னும் நினைவைப் பறிக்க வேண்டியிருக்கிறது. சதுக்கங்களும் கையேடுகளும் செய்வது அந்த வேலையையே.

எனவே நினைவுச்சின்னம் என்பது அலங்காரப் பிரச்சினை அன்று. மட்டாஞ்சேரியில் ஒரு பூங்கா வேண்டும். அங்கே காப்பிரிக்கு ஒரு கல், காயல் மாநாட்டுக்கு ஒரு படகு, சாப்பாவுக்கு எதிராக வீழ்ந்த மூவரின் பெயர்கள். அருகே மலையாளத்திலும் தமிழிலும், யாரை எழுவாயாக வைத்து எழுத வேண்டுமோ அவர்களை வைத்தே எழுதிய ஒரு பலகை. ஆட்சி எதுவாயினும் இதைக் கேட்கும் உரிமை உழைப்பவர்களுக்கு உண்டு.

திரும்பும்போது தோழர் ஒரு சுருட்டைப் பற்றவைத்து அந்த மேடையில் வைத்தார். "உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா?" என்று கேட்டேன். "சாமி என்று வைக்கவில்லை, கூட வேலை செய்தவன் என்று வைக்கிறேன்" என்றார்.