கடலில் ஒரு தாயின் நோன்பு

இறைவனின் படைப்பில் இன்று வாழும் உயிர்களுள் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம். அது மீன் அன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்ப்பது. தென்கடலில் வாழும் இவ்வினத்தின் தாய்மை நாம் சிந்திக்கத் தக்கதாகும்.

கோடையில் அண்டார்க்டிக் கடலில் திரளும் கிரில் என்னும் கூனிபோன்ற சிற்றுயிர்களே அதன் உணவு. சூலுற்ற தாய் அவற்றை வயிறார உண்டு, தோலின் அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. பின்னர் வெப்பமான கடலை நாடிச் சென்று, ஏறத்தாழ பதினோரு மாதம் சுமந்த ஒரே குட்டியை ஈனுகிறது. பிறந்த குட்டியின் நீளம் சுமார் 7 மீட்டர்; எடையோ 2 டன்னுக்கும் மேல். நாள்தோறும் சுமார் 200 லிட்டர் பால் அருந்தி, நாளொன்றுக்கு 90 கிலோ வரை எடை கூடுகிறது. அங்கே தாய்க்கு இரை அரிது. தன் கொழுப்பைக் கரைத்தே பாலாக்குகிறது. தாய் ஒருசந்தி இருக்க, பிள்ளை வளர்கிறது! ஏழு மாத அளவில் குட்டி பால்குடி மறக்கும். தாய் மறுபடி ஈனுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும்.

இங்ஙனம் மெல்லப் பெருகும் இனத்தை மனிதன் எண்ணெய்க்காக விரைந்து அழித்தான். 1904இல் தென் ஜார்ஜியாத் தீவில் வேட்டை நிலையம் எழுந்தது. 1930-31 பருவத்தில் மட்டும் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் மாண்டன. 1931இல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கை, குட்டியையும் குட்டியுடன் செல்லும் தாயையும் கொல்லலாகாது என விதித்தது. குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் பிடிக்கலாகாது என்னும் இணைச்சட்ட நூலின் (22ஆம் அதிகாரம்) கட்டளை நம் நினைவுக்கு வருகிறதன்றோ?

ஆயினும் அவ்விதி போதவில்லை. வேட்டை நிகழ்ந்தது பெரும்பாலும் தாய் இரை தேடும் கோடைக் கடலில். அங்கே குட்டி தாயின் அருகில் இல்லை, வயிற்றில் இருந்தது. வெட்டப்பட்ட தாய்களின் கருக்களை அளந்தே அறிவியலார் சூல்காலத்தைக் கணித்தனர் என்பது எத்துணைத் துயரம்! 1966இல் முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டபோதும் கள்ள வேட்டை சில ஆண்டுகள் தொடர்ந்தது. முன்பு இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் இவ்வினம், 1970களில் சில நூறாகக் குறைந்தது. 1998 அளவில் ஏறத்தாழ இரண்டாயிரமாக உயர்ந்தது.

கண்ணுக்குத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இரங்கியது அன்றைய சட்டம். நம் இல்லங்களிலும் பிறந்த பிள்ளையைச் சீராட்டும் நாம், அதைச் சுமக்கும் தாய் வேளைக்கு உண்டாளா, சற்றே ஓய்ந்தாளா எனக் கேட்கிறோமா? பிள்ளையைப் பேணும் கடமை, தாயைப் பேணும் நாளிலேயே தொடங்குகிறது. அதனை இன்றே நம் வீட்டில் தொடங்குவோமாக.