கோளாறு கணினியிலா, எழுத்திலா?



தேவாரத்தில் ஓய்வாக இருக்கும் வாத்தியாரிடம் இப்போது வரும் சந்தேகங்களில் பாதி கணினியைப் பற்றியவைதான். போன வாரம் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, அப்பா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு அவர் கணினியில் நன்றாகத் தெரிகிறது. தம்பி வீட்டிலும் தெரிகிறது. என் கணினியில் மட்டும் கிறுக்கலாக வருகிறது. புதுசு வாங்கிவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஒரு கணினியில் மட்டும் கோளாறு என்றால், மற்றவற்றில் இருந்து இதில் இல்லாதது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பு வேறு இரண்டு கணினிகளில் திறக்கிறது; எனவே கோப்பு கெடவில்லை. இவர் கணினியில் மற்ற கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன. எனவே மென்பொருளும் கெடவில்லை. மிச்சம் எழுத்துரு. அவற்றில் வானவில் எழுத்துரு இருந்தது, இதில் இல்லை. நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது.

காரணம் எளிது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அந்நிய எழுத்து வெளியே தெரிந்துவிடும். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனி எண்கள் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றது.

என் கருத்து இதுதான். எழுத்துருவை நிறுவுவது முதலுதவி மட்டுமே. நாற்பது பேருக்குப் புரிந்தது, ஒருவனுக்குத்தான் புரியவில்லை என்று வாத்தியார் பாடத்தை மூடிவிடக் கூடாது. அந்த ஒருவன்தான் பாடத்தில் உள்ள ஓட்டையைக் காட்டுகிறவன். திறக்காத அந்தக் கணினியும் அப்படித்தான். நாளை வாங்கும் எந்தக் கணினியிலும் அந்த எழுத்துரு தானாக வராது. இன்று ஒன்றில் கிறுக்கலாகத் தெரிவது, பேரப்பிள்ளைகள் காலத்தில் எல்லாவற்றிலும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

ஆகவே வீட்டில் உள்ள பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து மாற்றுங்கள். மாற்றும்போது எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் உருக்குலைந்துபோகும். அவற்றைத் தனியாகத் திருத்துங்கள்.

முக்கியமாக, தட்டச்சு செய்த பெரியவரையே பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தப்பாக வந்தால், அதைக் கண்டு சொல்ல அவரால்தான் முடியும். பெரியவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.