மணலில் புல்லட் வேண்டாம்

பேரன் புது புல்லட் வாங்கியிருக்கிறான். விருத்தாசலத்திலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் போய், கடலோரமாகவே மணலில் ஓட்ட வேண்டுமாம். "கேரளாவில் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் ஓட்டுகிறார்களே தாத்தா?" என்கிறான்.

உண்மைதான். அங்கே சுமார் 4 கிலோமீட்டருக்கு மணல் இறுகிக் கிடக்கிறது, அனுமதியும் உண்டு. நம் கரையில் அலை நனைத்த மணல்தான் தாங்கும். களிமண் பிசைந்து பீங்கான் செய்யும் ஊர்க்காரர்களுக்கு ஈரத்தின் பிடிப்பைச் சொல்லித்தர வேண்டுமா? உலர்ந்த மணலுக்கு ஏறினால் பின்சக்கரம் புதைந்துவிடும்.

புதைந்த வண்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். என் கவலை வேறு. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, அந்த உலர்ந்த மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போகின்றன. மேலே பார்த்தால் வெறும் மணல். பொரிய 45 நாளுக்கு மேலாகும். டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் தவித்து, விடிந்ததும் காக்கைக்கு இரையாகும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் நானும் நண்பனின் மொபெட்டை மணலில் ஓட்டியவன்தான். ஆமையைப் பற்றி அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம், நானும் வருகிறேன்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.